பின் ஹப்ல ஒரு போல்ட் காணோமா? ஒரிஜினல், ஹார்டுவேர் கடை, காயலான் கடை, முழு ஹப்: எதைப் போடறது

பழைய ஸ்போர்ட்ஸ் காரோட பின் சக்கரத்த கழட்டிட்டு உள்ள பார்த்தா ஹப்ப (சக்கரம் மாட்டுற, சுத்துற பாகம்) நக்கிளோட (ஹப்ப சஸ்பென்ஷனோட சேர்க்கிற பாகம்) பிடிச்சிருக்கிற மூணு போல்ட்ல ஒண்ணு இல்ல, வெறும் ஓட்டை மட்டும் இருக்கு. சக்கரத்த மாட்டுற போல்ட்ட சொல்லல, பேரிங்கோட சேர்ந்து வர்ற ஹப்ப பின்னாடியிருந்து பிடிக்குதே அந்த போல்ட். அந்த வயசு கார்ல பேரிங் ஒரு தடவையாவது மாறியிருக்கும், மாத்துனவர் திருப்பி மாட்ட விட்டிருக்கலாம், இல்லன்னா சரியா இறுக்காம விட்டு தானா கழண்டு விழுந்திருக்கலாம், அதுவும் இல்லன்னா தலை மட்டும் உடைஞ்சு போய் மிச்சம் உள்ளயே மாட்டிட்டு இருக்கலாம்.

"மீதி ரெண்டு இருக்கே, கார் ஓடுதே"ன்னு மட்டும் விட்டுடாதீங்க. இந்த போல்ட்டோட வேலை ரோட்டுலேந்து குறுக்க வர்ற பாரத்த தன் உடம்புல வாங்கிக்கிறது இல்ல, ஹப்பையும் நக்கிளையும் ஒண்ணோட ஒண்ணு அமுக்கி வைக்கிறதுதான், அந்த அமுக்கத்துல வர்ற உராய்வுதான் பாரத்த தாங்குது. மூணுல ஒண்ணு போச்சுன்னா அமுக்கம் மூணுல ஒரு பங்கு போச்சு, அதோட நிக்காம போல்ட் இல்லாத பக்கம் வளைவுல ஒவ்வொரு தடவையும் கொஞ்சமா திறந்து மூடும், அந்த ஆட்டம் மீதி ரெண்டு போல்ட்லயும் ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும், இரும்பு அப்படித்தான் சோர்ந்து உடையுது. அதனால எதை போடறதுன்னு முடிவாகுற வரைக்கும் கார் ஸ்டாண்ட் மேலயே இருக்கட்டும்.

எல்லா வழியையும் நாலு கேள்வி வச்சு பார்க்கலாம்: அளவு சரியா, பலம் சரியா, தலை அந்த இடத்துல அடங்குதா, அந்த போல்ட்டோட பழைய கதை தெரியுமா.

முதல்ல கார் கம்பெனியோட பார்ட் நம்பர்ல வர்ற புது போல்ட். நாலு கேள்விக்கும் பதில் ஆமாம்தான். நீளம், மரை, தலை, மேல பூசியிருக்கிற கோட்டிங், சிலதுல மரையிலயே முன்கூட்டி தடவி வர்ற திரெட் லாக்கர் (போல்ட் தானா கழறாம பிடிக்கிற பசை), எல்லாம் அந்த இடத்துக்குன்னே யோசிச்சது, சர்வீஸ் மேனுவல்ல இருக்கிற டார்க் நம்பரும் (எவ்ளோ முறுக்கி இறுக்கணுங்கிற அளவு) இந்த போல்ட்ட வச்சுதான். குறை என்னன்னா பழைய மாடல்னா ஸ்டாக் இருக்கும்னு சொல்ல முடியாது, காத்திருக்கணும், ஒரு போல்ட்டுக்கு இவ்ளோவான்னு தோணும். ஆனா கிடைச்சா வேற எதையும் யோசிக்கவே வேணாம், அதுவும் ஒண்ணு மட்டும் வாங்காதீங்க, அந்த ஹப்புக்கு உண்டான எல்லாத்தையும் வாங்குங்க. ஒண்ணு இல்லாம ஓடுன காலம் முழுக்க மீதி ரெண்டும்தான் அடி வாங்கியிருக்கு, வெளிய பார்க்க பளபளன்னு இருந்தாலும் மரை ஆரம்பிக்கிற இடத்துல மயிரிழை விரிசல் விட்டிருந்தா கண்ணுக்கு தெரியாது.

அடுத்தது ஹார்டுவேர் கடை போல்ட். இதை நிறைய பேர் எடுத்தவுடனே திட்டுவாங்க, எனக்கு அப்படி கிடையாது, சரியான கிரேடும் (போல்ட்டோட பலத்த சொல்ற குறி) சரியான அளவும் நம்பகமான சப்ளையர்கிட்ட கிடைச்சா இது நியாயமான வழிதான். ஆனா "அளவு ஒத்துப்போச்சு"ன்னு சொல்றதுல நிறைய ஓட்டை இருக்கு. எம்12 போல்ட்னா பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் நடுவுல உள்ள தூரம், மில்லிமீட்டர்ல) 1.75, 1.5, 1.25ன்னு மூணு விதமா கிடைக்கும், பழைய அமெரிக்க கார்ல இன்ச் அளவும் மெட்ரிக்கும் கலந்தே இருக்கும், பழைய பிரிட்டிஷ் கார்ல யுஎன்எஃப்ங்கிற நெருக்கமான இன்ச் மரை, அதுக்கும் முந்தினதுல விட்வொர்த்ங்கிற பழைய பிரிட்டிஷ் மரை, அதோட மரை கோணம் 55 டிகிரி, மத்ததெல்லாம் 60. இதுல ரொம்ப ஏமாத்துற ஜோடி ஒண்ணு இருக்கு: எம்12 குறுக்களவு 12 மில்லிமீட்டர், அரை இன்ச் யுஎன்எஃப் 12.7. எம்12 பிட்ச் 1.25, அரை இன்ச் யுஎன்எஃப் இன்ச்சுக்கு 20 மரை, அதாவது 1.27. அரை இன்ச் ஓட்டைல எம்12 போல்ட்ட விட்டா கையாலயே சொகமா உள்ள போகும், லேசா ஆடும், நாம என்ன நினைப்போம்னா பழைய ஓட்டை தேய்ஞ்சிருக்குன்னு, ஆனா மரையோட நுனி மட்டும்தான் நுனிய பிடிச்சிருக்கு, டார்க் வைக்கும்போதே வழிச்சுக்கிட்டு வந்துடும், நக்கிள் அலுமினியம்னா அதோட மரையும் சேர்ந்து போயிடும். அதனால மீதியிருக்கிற போல்ட்ல ஒண்ண கழட்டி வெர்னியர் ஒண்ணு, பிட்ச் கேஜ் ஒண்ணு வச்சு அளந்துட்டு அப்புறம் கடைக்கு போங்க.

கிரேடு விஷயத்துல கணக்கு போட்டு பார்த்தா விளங்கிடும். எம்12, பிட்ச் 1.75 போல்ட்டோட பாரம் தாங்குற பரப்பு 84.3 சதுர மில்லிமீட்டர். 10.9 கிரேடுன்னா நிரந்தரமா நீளாம கிட்டத்தட்ட 70 கிலோநியூட்டன் இழுப்பு தாங்கும், 8.8ன்னா 49 தான். 10.9 போல்ட்ட வழக்கமா அதோட தாங்குதிறன்ல முக்கால்வாசிக்கு இறுக்குவாங்க, அதாவது 52 சொச்சம். அதே டார்க்க 8.8ல வச்சீங்கன்னா போல்ட் தன் எல்லைய தாண்டி நீள ஆரம்பிக்கும், டார்க் ரெஞ்ச் ஒழுங்கா கிளிக் அடிக்கும், ஆனா அந்த போல்ட்ட நம்ப முடியாது. துருவே பிடிக்காதுன்னு ஸ்டெயின்லெஸ் போடறவங்களுக்கும் இதே பதில்தான், கடைல சாதாரணமா கிடைக்கிற ஏ2-70 பலத்துல 8.8ஐ விடவும் கம்மி, அலுமினியத்தோட சேர்ந்தா ஈரத்துல அலுமினியத்த அரிக்க வேற செய்யும். அப்போ 12.9 போட்டா இன்னும் நல்லதா? அதுவும் வேணாம்னுதான் சொல்வேன், அவ்ளோ கெட்டியான இரும்புல சாதாரண ஜிங்க் பிளேட்டிங் பண்ணும்போது ஹைட்ரஜன் உள்ள புகுந்து, இறுக்கி வச்ச போல்ட் கொஞ்ச நேரம் கழிச்சு தானா படக்குன்னு உடையுற ஆபத்து உண்டு. பழசுல 10.9ன்னு தலைல எழுதியிருந்தா புதுசும் 10.9, அவ்ளோதான். இன்ச் போல்ட்ல நம்பருக்கு பதிலா கோடு இருக்கும், மூணு கோடுன்னா கிரேடு 5, ஆறு கோடுன்னா கிரேடு 8. தலைல எந்த குறியுமே இல்லாத போல்ட்ட இந்த இடத்துக்கு தொடவே தொடாதீங்க.

தலையோட உருவத்தையும் பாருங்க. ஹப் போல்ட்டுக்கு பின்னாடி டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் சுத்திக்கிட்டு இருக்கும், சில கார்ல அதனாலயே தட்டையான டார்க்ஸ் (நட்சத்திர வடிவ) தலை வச்சிருப்பாங்க, அந்த இடத்துல உயரமான ஆறுபட்டை தலையும் ஒரு வாஷரும் போட்டா ஜாயின்ட்ல உரசும். மாட்டுனதும் ஹப்ப கையால ஒரு முழு சுத்து சுத்தி இடைவெளிய பாருங்க. நீளமும் அப்படித்தான், மறுபக்கம் ஓட்டை திறந்திருந்தா நீள போல்ட் சக்கர வேகத்த அளக்க இருக்கிற ஏபிஎஸ் வளையத்தையோ ஹேண்ட்பிரேக் ஷூவையோ தொடலாம், ஓட்டை மூடியிருந்தா போல்ட் அடில போய் முட்டி நின்னுடும், டார்க் வந்துடும், அமுக்கம் வராது. டஸ்ட் ஷீல்ட் ஹப்புக்கும் நக்கிளுக்கும் நடுவுல இருக்கிற கார்ல துருப்பிடிச்ச ஷீல்ட யாராவது வெட்டி எடுத்திருந்தா ஒரிஜினல் போல்ட்டே அந்த தகட்டு கனத்துக்கு நீளமாயிடும், இதையும் மறக்காதீங்க.

காயலான் கடை போல்ட்டுக்கு வருவோம். அளவு, கிரேடு, தலை மூணும் அச்சு அசலா இருக்கும், விலையும் ஒண்ணும் இல்ல, ஆனா நாலாவது கேள்வில விழுந்துடுது. அந்த கார் எப்படி அங்க வந்துச்சு, பின் சக்கரத்துல மோதி வந்துச்சா, அந்த போல்ட்ட எத்தனை தடவை எவ்ளோ பலத்துல இறுக்கினாங்க, யாருக்கும் தெரியாது. ஒரு தடவைதான் பயன்படுத்தணும்னு மேனுவல் சொல்ற வகை போல்ட்டா இருந்தா பேச்சே இல்ல. ஆனா மாதிரிக்கு வாங்க இதை விட நல்லது கிடையாது. உங்க கார்ல இருக்கிற போல்ட்டே ஏற்கனவே யாரோ மாத்தி போட்ட தப்பு போல்ட்டா இருக்கலாம், அப்போ அதே மாடல் வேற கார்லேந்து வந்த ஒண்ண பக்கத்துல வச்சு பார்த்தாதான் உண்மை தெரியும். அளக்க வாங்குங்க, மாட்ட வாங்காதீங்க.

முழு ஹப் வாங்குறது செலவான வழி, சில பிராண்டுல போல்ட்டோடயே வரும், சிலதுல வராது, கேட்டு வாங்குங்க. சக்கரத்த மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா டக் டக்னு ஆட்டம் இருக்கு, இல்ல சுத்தும்போது கரகரன்னு சத்தம் வருதுன்னா போல்ட் மட்டும் மாத்தறது வீண், எப்படியும் திரும்ப கழட்டணும். ஆட்டமே இல்லன்னா நல்ல பேரிங்க தூக்கி போட வேண்டிய அவசியம் கிடையாது.

ஆக என் வரிசை: ஒரிஜினல் முழு செட், அது கிடைக்கலன்னா அளந்து வாங்கின அதே கிரேடு புது போல்ட் செட், பேரிங் போயிருந்தா மட்டும் ஹப்.

எதை வாங்கினாலும் ஓட்டைய பார்க்காம மாட்டாதீங்க. டார்ச் அடிச்சு உள்ள உடைஞ்ச துண்டு இருக்கான்னு பாருங்க, பிரேக் கிளீனர் அடிச்சு புது போல்ட்ட கையாலயே கடைசி வரைக்கும் ஓட்டி பாருங்க. பாதியில நின்னா ஸ்பானர் போட்டு தள்ளாதீங்க, மரைய சுத்தம் பண்ற டேப் விடணும், மரை வழிஞ்சிருந்தா ஹெலிகாயில் மாதிரி இன்சர்ட் (புது மரையா உட்கார்ற கம்பிச் சுருள்) போடணும், ஒழுங்கா போட்டா அலுமினியத்துல அது பழைய மரைய விடவே பலமா நிக்கும். திரெட் லாக்கர் மேனுவல்ல சொல்லியிருந்தா மட்டும், நடுத்தர வகை, காஞ்ச மரைல. எண்ணெய் தடவிட்டு காஞ்ச மரைக்கான டார்க் வைக்காதீங்க, உராய்வு குறைஞ்சு போல்ட் தேவைக்கு மேல இழுபட்டுடும். எல்லாத்தையும் மாறி மாறி ரெண்டு மூணு கட்டமா இறுக்கி, கடைசில தலைலேந்து ஹப் மேல வரைக்கும் பெயின்ட் மார்க்கரால ஒரு கோடு போட்டுடுங்க. கொஞ்ச நாள் ஓட்டினதும் சக்கரத்த கழட்டி அந்த கோட்ட பாருங்க, நேரா இருந்தா தொட வேணாம், விலகியிருந்தா அந்த போல்ட்ட கழட்டி மரையையும் ஹப் உட்கார்ற முகத்தையும் திரும்ப பார்க்கணும், அப்படியே இறுக்கிட்டு போயிடக் கூடாது.