டேகேர் வேலைக்கு டிபி பரிசோதனை: தோலில் ஊசியா, ரத்தமா?

கலிஃபோர்னியாவில் டேகேரில் வேலைக்குச் சேரப்போகும் நம் ஊர்ப் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இரண்டு வேலைகளுக்காக இரண்டு பரிசோதனையையும் செய்துகொண்டவள் நான். இடது புஜத்தில் காசநோய் (டிபி) தடுப்பூசியான பி.சி.ஜி.யின் தழும்பு இருந்தால் ரத்தப் பரிசோதனையையே கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

டேகேர் மையத்தில் சேர்பவருக்கு, சேர்வதற்கு முந்தைய ஓராண்டுக்குள் அல்லது சேர்ந்த 7 நாள்களுக்குள் டிபி பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த பலருக்கு இப்போது ஒரு கேள்வித்தாளோடு வேலை முடிந்துவிடுகிறது. டிபி அதிகமுள்ள நாட்டில் பிறந்தீர்களா, அங்கே ஒரு மாதமாவது இருந்தீர்களா என்று அதில் கேட்பார்கள். நமக்குப் பதில் ஆமாம்தான். ஆகவே பரிசோதனை உண்டு.

தோல் பரிசோதனை எல்லாருக்கும் தெரிந்ததுதான். முன்கையில் 0.1 மி.லி. மருந்தை ஏற்றுவார்கள். 48 மணி நேரத்துக்குப் பிறகு, 72 மணி நேரம் முடிவதற்குள் திரும்பப் போய்க் கையைக் காட்ட வேண்டும். தவறவிட்டால் பெரும்பாலும் மறுபடி ஊசி. வியாழக்கிழமை போட்டுக்கொண்டால் சனி, ஞாயிறில் மாட்டிக்கொள்வீர்கள். செலவு குறைவு என்பது இதில் உள்ள பெரிய வசதி.

ரத்தம் ஒரே தடவைதான். குவான்டிஃபெரான் என்ற ரத்தப் பரிசோதனை என்றால் நான்கு சிறு குழாய்களில் எடுப்பார்கள். விலை கூடுதல், காப்பீடு ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அரிதாக, முடிவு தெளிவில்லை என்று வந்து மறுபடி எடுக்கச் சொல்வதும் உண்டு. டி-ஸ்பாட் என்று இன்னொரு ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது, நான் அதை எடுத்ததில்லை.

இதெல்லாம் சின்ன விஷயம். பாசிட்டிவ் என்று வந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

முதல் வேலைக்குத் தோல் பரிசோதனை செய்தபோது எனக்கு 13 மி.மீ. தடிப்பு. நம்மைப் போன்றவர்களுக்கு 10 மி.மீ. இருந்தாலே பாசிட்டிவ். (அளப்பது தடிப்பைத்தான், சிவப்பை அல்ல.) எக்ஸ்ரே எடுத்தார்கள், நுரையீரல் சுத்தமாக இருந்தது. நர்ஸ், "இது பி.சி.ஜி.யால் வந்தது, விடுங்கள்" என்றார். மருத்துவரோ, கிருமி உள்ளே உறங்கிக்கொண்டிருக்கலாம், நான்கு மாதம் ரிஃபாம்பின் என்ற டிபி மருந்தைச் சாப்பிடுங்கள் என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் சங்கடம். கடைசியில் ரத்தம் எடுத்தார்கள், நெகட்டிவ். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, மருந்து வேண்டாம் என்று மருத்துவரே முடிவு செய்தார். இரண்டாவது வேலைக்கு நேராக ரத்தம்தான் கொடுத்தேன்.

என்னோடு வேலை செய்த ஒரு அக்காவுக்கு நடந்தது நேர்மாறு. தோல் பரிசோதனை பாசிட்டிவ் ஆன ஒவ்வொரு முறையும் பி.சி.ஜி.தான் காரணம் என்று ஒதுக்கிவிட்டார். பிறகு ரத்தம் எடுத்தபோது அதுவும் பாசிட்டிவ். நோயாக மாறுவதற்கு முன்பே மருந்து சாப்பிட்டு முடித்தார். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி.யின் தாக்கம் தோல் பரிசோதனையில் வயதாக ஆகக் குறைந்துவிடும். நாற்பது வயதில் வரும் தடிப்பைத் தழும்பின் மேல் போட்டுவிட்டுப் போக முடியாது. தடுப்பூசி போட்டிருக்கிறது, டிபி வராது என்பதும் சரியல்ல. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிய பெரிய ஆய்விலேயே, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று தெரியவந்தது.

ரத்தப் பரிசோதனையில் இந்தக் குழப்பம் இல்லை. பி.சி.ஜி.யில் இல்லாத, காசநோய்க் கிருமியில் இருக்கும் புரதங்களுக்கு நம் ரத்த அணுக்கள் எதிர்வினை காட்டுகின்றனவா என்று அது பார்க்கிறது. பி.சி.ஜி. போட்டவர்களுக்கு இதுவே மேல் என்று சி.டி.சி. (அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்) சேர்ந்து வெளியிட்ட 2017 வழிகாட்டியும் சொல்கிறது. நாம் நாள் முழுக்கத் தூக்கி வைத்திருக்கும் ஒரு வயது, இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு டிபி தொற்றினால் மூளைவரை பரவும் ஆபத்து பெரியவர்களைவிட அதிகம். அந்தப் பிள்ளைகளுக்காகவாவது, கையில் கிடைக்கும் பதில் நம்பக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டில் எது பாசிட்டிவ் ஆனாலும் எக்ஸ்ரே உண்டு. தொற்று உறக்கத்தில் இருக்கிறதா, நோயாகிவிட்டதா என்பதை இரண்டுமே தனியாகச் சொல்லாது.

பி.சி.ஜி. போடாதவர், கிளினிக் பக்கத்திலேயே இருப்பவர் என்றால் தோல் பரிசோதனையே போதும், கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஒன்று. 2016 செப்டம்பரிலிருந்து டேகேர் ஊழியர்கள் தட்டம்மைத் தடுப்புக்கும் சான்று காட்ட வேண்டும். அந்த எம்.எம்.ஆர். ஊசி டிபி பரிசோதனையின் முடிவைச் சில வாரங்களுக்கு மங்கச் செய்யலாம். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள், அல்லது முதலில் ரத்தம் கொடுத்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஊசி முந்திவிட்டால் நான்கு வாரமாவது பொறுக்க வேண்டியிருக்கும், 7 நாள் கெடு அதற்குள் போய்விடும்.