ஜெனரேட்டர் ‘ஸ்டோரேஜ் சர்வீஸ்’: 3,800 ரூபாய் போச்சு, சேலம் ஏற்காடு ஆளுங்க படிங்க

சேலத்துல பம்ப்செட், ஜெனரேட்டர் சர்வீஸ் பண்ற ஒரு கடை. பேரு வேண்டாம். மாசக்கணக்கா ஓட்டாம வைக்கிற ஜெனரேட்டரை எப்படித் தயார் பண்ணணும்னு கடைசியில சொல்றேன், முதல்ல வயித்தெரிச்சலைக் கேளுங்க.

காபி எடுப்பு முடிஞ்சதும் ஏற்காட்டு வீட்டைப் பூட்டிட்டு மகள் வீட்டுக்குப் போறதா இருந்தோம். சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர். 20 கொண்டை ஊசியும் இறக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரர் நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவரே அடுக்குறாரு: "டேங்கைக் காலி பண்ணணும்ங்க, கார்புரேட்டரை வடிக்கணும், ஆயில் மாத்தணும், பிளக்கைக் கழட்டி சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மெதுவா கயிறு இழுக்கணும். இப்ப பெட்ரோல்ல எத்தனால் கலக்குறான், ஈரத்தை இழுக்கும்ங்க." அத்தனையும் சரி. இப்படிப் பேசுறவரை யாருங்க சந்தேகப்படுவாங்க? 3,800 ரூபாய். பிளாஸ்டிக் கவர் போட்டு, டேப் ஒட்டி, தேதி எழுதிக் கொடுத்தாரு.

இந்த வாரக் காத்துல சில்வர் ஓக் கிளை லைன் மேல விழுந்து கரண்ட் போச்சு. டேப்பைப் பிரிச்சேன். கை வலிக்க இழுத்தும் ஸ்டார்ட் ஆகல. டேங்க் மூடியைத் திறந்தா வார்னிஷ் நாத்தம், உள்ள பழைய பெட்ரோல் தளும்புது! இங்க இருக்கிற மெக்கானிக் தம்பி கார்புரேட்டர்ல பெட்ரோல் தேங்குற கிண்ணத்தைக் கழட்டிக் காட்டுனாரு: அடியில தண்ணி முத்து, அதைச் சுத்தி பழுப்புப் பிசின், பெட்ரோல் போற ஜெட் ஓட்டை சுத்தமா அடைப்பு. ஆயில் ஸ்டிக்கை எடுத்தா கன்னங்கரேல். ஒரு வேலையும் நடக்கல, டேப் ஒட்டுனதைத் தவிர.

போன் பண்ணா, "பங்க் பெட்ரோல் சரியில்லீங்க." அதை இறக்கத்தானய்யா 3,800 வாங்குன? "ஏற்காட்டு பனிக்கு அப்படித்தான்ங்க." அப்புறம் ஒரு பையன் எடுத்து, "ஓனர் வெளியூர்." வாட்ஸ்அப்புல கிண்ணம் போட்டோ அனுப்புனேன், நீல டிக் விழுந்துச்சு, அவ்வளவுதான். பில்லுல ‘சர்வீஸ் 3,800’னு ஒரே வரி, எதை வச்சுச் சண்டை போட?

டேங்க்ல இருந்து பெட்ரோல் வர்ற வால்வை மூடி, இன்ஜின் தானா நிக்கிற வரைக்கும் உங்க கண்ணு முன்னாடி ஓட்டச் சொல்லுங்க. கிண்ணத்து அடி போல்ட்டையும் கழட்டி வடிக்கணும். பழைய ஆயிலைக் காட்டச் சொல்லுங்க. பில்லுல வேலையை ஒவ்வொண்ணா எழுதி வாங்குங்க. மத்ததை அப்புறம் எழுதுறேன், கார்புரேட்டர் தம்பி கடையில ஊறிட்டு இருக்கு, கரண்ட் இன்னும் வரல, போன்ல சார்ஜும் இல்ல.