தொட்டி ரவுடி: கல்லைப் புரட்டுவதா, கண்ணாடி காட்டுவதா, பெட்டியில் அடைப்பதா?

கறுப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் பொட்டு, கட்டைவிரல் அளவு. டொமினோ டாம்செல் என்ற கடல் மீன். அழகாக இருக்கிறதே என்றுதான் வாங்கினேன். எட்டு மாதத்தில் உப்புநீர்த் தொட்டியின் இடது பாதியைத் தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்டது. புதிதாக விட்ட ஃபயர்ஃபிஷ் என்ற சின்ன, சாது மீன் ஹீட்டருக்குப் பின்னால் ஒண்டிக்கிடந்தது, வால் நுனி நார் நாராகக் கிழிந்து. பாசி துடைக்கக் கை விட்டால் என் விரலுக்கும் ஒரு கடி.

இந்த மாதிரி நேரத்தில் முதலில் கிடைக்கும் யோசனை, கல்லை மாற்றி அடுக்கு என்பது. எல்லை அழிந்துவிட்டால் பழைய மீனும் புது மீன் மாதிரி திணறும் என்பது கணக்கு. மீன் மட்டும் இருக்கும் தொட்டியில் செய்து பார்க்கலாம், அதுவும் புது மீனை விடும் அன்றைக்கே. அடிதடி தொடங்கிய பிறகு செய்தால் பலன் குறைவு. பவளம் ஒட்டிய கற்கள் என்றால் நான் தொடவே மாட்டேன். மணலுக்கடியில் தேங்கிய அழுக்கு முழுக்கக் கிளம்பும். என் டொமினோவுக்குப் புது எல்லை போட மூன்றே நாள் பிடித்தது.

கண்ணாடி வைத்தியம் டாங் மீன்களுக்குச் சரிப்படும். தொட்டியின் வெளிப்பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தால், உள்ளே இருக்கும் மஞ்சள் டாங் தன் நிழலைப் போட்டியாளன் என்று நினைத்துத் துடுப்பை விரித்துக்கொண்டு அங்கேயே நிற்கும். அந்த நேரத்தில் புதியவன் தின்று, ஒளிய இடம் தேடிக்கொள்வான். டாங் சண்டையை அலட்சியம் செய்யக் கூடாது: வாலடியில் கத்தி போன்ற முள் இருக்கிறது, ஒரு வீச்சில் எதிராளியின் தோலைக் கிழித்துவிடும். ஆனால் நாள் முழுக்கக் கண்ணாடி வைத்தால் அதுவே களைத்துப்போகும். டாங்குக்குக் கடற்பாசித் தாளையும் தாராளமாகக் கொடுங்கள், பசியில் கோபம் கூடும். டொமினோ? பத்து நிமிஷம் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, பழையபடி ஃபயர்ஃபிஷ்ஷைத் தேடிப் போய்விட்டது.

மூன்றாவது வழிக்குத்தான் என் ஓட்டு. ஓட்டை போட்ட தெளிந்த அக்ரிலிக் பெட்டியைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு, அடிப்பவனை ஒரு வாரம் அதில் அடைப்பது. பலர் பாவம் என்று புது மீனை அடைக்கிறார்கள். விடுவதற்கு முன் சில நாள் அறிமுகத்துக்கு அது நல்லதுதான், ஆனால் சண்டை முற்றிய பிறகு அடைய வேண்டியவன் ரவுடிதான். அவன் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் பொந்துகளைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். வெளியே வரும்போது அவன்தான் புது ஆள்.

சிக்கல் பிடிப்பதில். வலையோடு துரத்தினால் எல்லா மீனும் மிரளும், ஃபயர்ஃபிஷ் போன்றவை தொட்டியை விட்டே குதிக்கும். பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டி, தலைகீழாகத் திருப்பி உள்ளே செருகி, சுற்றிலும் சிறு ஓட்டைகள் போட்டு, ஒரு கல்லை உள்ளே வைத்து அமிழ்த்தினேன். அதைப் பார்த்துப் பழக இரண்டு நாள் விட்டு, ஒரு நாள் சாப்பாட்டை நிறுத்தி, பிறகு உள்ளே இறால் துண்டு போட்டேன். இருபது நிமிஷத்தில் மாட்டியது.

ஒன்பது நாள் சிறை. வெளியே விட்டதும் இரண்டு நாள் சாது. மூன்றாம் நாள் ஹீட்டர் மூலையில் மறுபடி அதே காட்சி.

அப்போதுதான் உறைத்தது. இரண்டு டாங் இடத்துக்காக அடித்துக்கொள்வது வேறு, பிறவியிலேயே முரடாக இருப்பது வேறு. முன்னதற்குப் பெட்டியும் கண்ணாடியும் போதும். 14 செ.மீ. வரை வளரும் டொமினோ, பெரிய ட்ரிகர் மீன், முழுதாக வளர்ந்த மரூன் க்ளவுன் பெண் மீன், சோஹால் டாங் போன்ற பிறவி முரடர்களோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவது வீண். தொட்டியை விட்டு எடுத்துவிடுங்கள். கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாம், தனித் தொட்டி வைத்திருப்பவருக்குத் தரலாம். கடலில் மட்டும் விடாதீர்கள். அட்லாண்டிக்கில் லயன்ஃபிஷ் பெருகியதற்கு வீட்டுத் தொட்டிகளிலிருந்து வெளியே விடப்பட்ட மீன்களே காரணம் என்று கருதப்படுகிறது.

என் டொமினோ, ட்ரிகர் வளர்க்கும் நண்பரின் பெரிய தொட்டிக்குப் போயிற்று. ஃபயர்ஃபிஷ் நான்காம் நாள் ஹீட்டரை விட்டு வெளியே வந்து தீனியைக் கவ்வியது. வால் வளர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.