வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் தரைத்தளத்தில் வாடகை வீடு பார்ப்பவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

ஏப்ரல், மே வந்தால் வடசென்னையில் வாடகை வீட்டுக்கு அடிதடிதான். பள்ளி திறப்பதற்குள் குடிமாற வேண்டும். "ஆனி அடியிடாதே, கூனி குடிபுகாதே" என்பார்கள், கூனி என்றால் பங்குனி. பங்குனியும் ஆனியும் போனால், ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். மிஞ்சுவது சித்திரையும் வைகாசியும். அந்த அவசரத்தை வைத்துத்தான் எங்களை ஏமாற்றினார்கள்.

கேப்டன் காட்டன் கால்வாய்க்குப் பக்கத்துத் தெரு. வாடகை 12,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். ஹாலில் இடுப்பு உயரம் வரை மட்டும் புது பெயின்ட், மேலே பழைய நிறம். "மழைக்குத் தண்ணி உள்ள வருமா?" என்று நேராகவே கேட்டேன். "தெருவுல கொஞ்சம் நிக்கும்க்கா, வீட்டுக்குள்ள வந்ததே கிடையாது. இன்னைக்கே டோக்கன் போட்டுருங்க, சாயந்திரம் வேற பார்ட்டி வர்றாங்க" என்றார் புரோக்கர். வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று தலையாட்டினார். ஒரு மாத வாடகையை புரோக்கர் கமிஷனாக வாங்கிக்கொண்டார்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி மழைக்கே தண்ணீர் வந்தது. வாசல் வழியாக இல்லை, கக்கூஸ் வழியாக. கால்வாய் நிரம்பினால் சாக்கடை பின்வாங்கி முதலில் தரைத்தள வீடுகளில்தான் பொங்கும். கறுப்புத் தண்ணீர், அந்த நாற்றம், அதில் மிதந்த பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்கள். பிரிட்ஜ் போச்சு. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த துணி அத்தனையும் போச்சு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இதே வீட்டில் ஜன்னல் வரை தண்ணீர் நின்றதை எதிர்வீட்டு அம்மா அப்புறம்தான் சொன்னார். முன்பு குடியிருந்தவர்கள் காலி செய்ததும் அதனால்தானாம்.

மார்கழியில் காலி செய்தோம். "புதுசா ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்தாத்தான் உங்களுக்குத் தர முடியும்" என்றார் வீட்டுக்காரர். மார்கழியில் யார் குடிவருவார்கள்? அது தெரிந்தேதான் சொன்னார். தை பிறந்த பிறகு, பெயின்டுக்கு ஒரு மாத வாடகை, பதினொரு மாதம் முடிக்காததற்கு ஒரு மாத வாடகை என்று பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார். அதே சுவரில், அதே உயரத்துக்கு, மறுபடியும் பெயின்ட் அடித்திருக்கிறார்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆள் வரும்வரை காத்திருக்கச் சொல்ல அதில் இடமில்லை. அதனால் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். பெயின்ட் செலவு யாருடையது, இடையில் காலி செய்தால் என்ன கணக்கு என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்குங்கள்.

வீட்டைப் பார்க்கும்போது சுவரை விட மீட்டர் பெட்டியைப் பாருங்கள். தலைக்கு மேல் ஏற்றி மாட்டியிருந்தால், பிளக் பாயின்ட்டெல்லாம் நெஞ்சு உயரத்தில் இருந்தால், அங்கே தண்ணீர் வந்திருக்கிறது. ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து, வாசலில் இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டும் என்றால் இன்னும் மோசம். புரோக்கர் இல்லாமல் ஒரு நடை போய், தெருமுனை டீக்கடையில் 2015-லும் 2023-லும் எது வரை நின்றது என்று கேளுங்கள். அவர்களுக்குப் பொய் சொல்லத் தேவையில்லை.

முடிந்தவர்கள் மே மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஆடியில் வீடு காலியாகவே கிடக்கும், வாடகையைக் குறைத்துப் பேசலாம், ஆவணியில் குடிபோகலாம். பள்ளி மாற்ற வேண்டாதவர்களுக்கு அதுதான் சரி. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் போய்ப் பார்க்க முடிந்தால் அதைவிட நல்லது, எந்த பெயின்டாலும் அன்றைக்கு மறைக்க முடியாது.

பிடித்த பணத்துக்காக வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கப் போகிறோம். அந்த வீட்டில் இப்போது மறுபடியும் டூ-லெட் போர்டு தொங்குகிறது. இந்தப் பக்கம் வீடு பார்ப்பவர்கள் கேளுங்கள், எந்தத் தெரு என்று தனியாகச் சொல்கிறேன்.