தொட்டுப் படிக்கும் தமிழ்நாடு வரைபடம் வாங்கலாமா?

நான் சமூக அறிவியல் ஆசிரியர். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது, என் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கும் அப்படித்தான். இந்த ஆண்டு பள்ளிக்கு ஒரு தெர்மோஃபார்ம் வரைபடத் தொகுப்பு வாங்கினோம். பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி அச்சின் மேல் படியவைத்து எடுப்பது. எல்லாம் ஏ4 அளவு.

ஆறுகள் தாளுக்காகவே காசு கொடுக்கலாம். கடல் முழுக்கச் சொரசொரப்பு, நிலம் வழவழப்பு. இது இல்லையென்றால் கரைக்கோட்டுக்கு எந்தப் பக்கம் நிலம் என்று விரலுக்குத் தெரியவே தெரியாது. பிள்ளைகள் முதலில் இரண்டு கையாலும் தாளை முழுக்கத் தடவிப் பார்க்கிறார்கள். அப்புறம் இடது சுட்டுவிரலை மேட்டூரில் ஊன்றிக்கொண்டு, வலது விரலால் காவிரியோடு போகிறார்கள். முக்கொம்பு வந்ததும் விரல் நின்றுவிடும். "சார், இங்க ரெண்டாப் போகுது, எது காவிரி?" என்று ஒருத்தி கேட்டாள். வடக்கே போவது கொள்ளிடம் என்றேன். அவளே நடுவில் தடவி, "அப்போ ஸ்ரீரங்கம் இதுக்குள்ளயா?" என்றாள்.

உண்மை அளவில் வரைந்திருந்தால் அந்த இடைவெளி 1 மி.மீ.கூட வராது. இரண்டு கோடும் ஒரே தடித்த கோடாகத்தான் விரலில் படும். சுமார் 3 மி.மீ. இருந்தால்தான் பிரித்துணர முடியும். அதனால் வேண்டுமென்றே அகட்டியிருக்கிறார்கள். பார்வையுள்ள சக ஆசிரியர் ஒருவர் "அளவு தப்பு" என்று முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

மாவட்டத் தாளில்தான் சொதப்பல். 38 மாவட்டங்களையும் ஒரே தாளில் திணித்திருக்கிறார்கள். சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் எல்லாம் ஒரே சிக்கல். பிரெயிலை, அதாவது விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தை, சுருக்கவும் முடியாது. 'சென்னை' என்று எழுதவே ஆறு புள்ளிக் கட்டம், கிட்டத்தட்ட 3.5 செ.மீ. வேண்டும். ஆகவே ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இரண்டெழுத்துக் குறி போட்டிருக்கிறார்கள், சரி. ஆனால் குறி விளக்கத்தை ஸ்பைரல் பைண்டிங்கில் கடைசிப் பக்கமாகக் கோத்துவிட்டார்களே! பக்கம் புரட்டினால் ஊன்றிய விரலை எடுத்தாக வேண்டும், பிடித்த இடம் போய்விடும். நாங்கள் அந்த விளக்கத் தாளைக் கிழித்துத் தனியாக வைத்துக்கொண்டோம்.

பிளாஸ்டிக் என்பதால் வெயில் காலத்தில் விரல் ஒட்டும், கொஞ்சம் முகப்பவுடர் போதும்.

ஆறுகள், மலைகள் தாள்கள் தனியாகவும் கிடைக்கின்றன, அவற்றை வாங்குங்கள். மாவட்டத் தாளை நாலாகப் பிரித்து, விளக்கத்தைத் தனித்தாளாகக் கொடுத்தால் முழுத் தொகுப்பையும் வாங்கலாம்.