ஒரு குழல், ஒரு தோட்டா: ஆறு வருடப் பழக்கம்

என்னிடம் இருப்பது நியூ இங்கிலாந்து ஃபயர்ஆர்ம்ஸ் பார்ட்னர் என்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி. 12 காஜ் (குழல் விட்டத்தின் அளவு, எண் கூடினால் குழல் குறுகும்), 28 அங்குலக் குழல், மாசசூசெட்ஸில் கார்ட்னர் என்ற ஊரில் செய்தது. இந்த வகை தயாரிப்பு 2015-இல் நின்றுவிட்டதால், 2019-இல் ஒஹாயோவில் பழையதாகத்தான் கிடைத்தது. அமெரிக்காவில் கடையில் துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் 4473 படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து கைக்கு வந்ததும் முதலில் கவனித்தது எடையைத்தான். மூன்று கிலோகூட இல்லை. நாள் முழுக்கத் தூக்கி நடக்கலாமே என்று சந்தோஷப்பட்டேன்.

எடை குறைந்தால் சுடும்போது தோளில் விழும் உதை கூடும் என்பது அப்போது உறைக்கவில்லை. மூன்று அங்குல நீளத் தோட்டா போடலாம் என்று குழலில் பொறித்திருந்தது, வலுவான அந்த வகையையே வாங்கிப் போட்டேன். ஐந்தாவது சுடுதலில் தோள் கன்றிப்போனது. தோள்வலி நாலு நாளில் போய்விட்டது. ஆனால் விசையை அழுத்தும் முன்பே கண்ணை மூடி உடம்பை இறுக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அதைப் போக்க ஒரு வருடம் பிடித்தது.

சுடுதளத்துக்கு வரும் பெரியவர் ஒருவர் இதற்கு வழி காட்டினார். நான் பார்க்காதபோது அவரே துப்பாக்கியில் தோட்டா போட்டுக் கொடுப்பார். சில முறை அது மருந்தில்லாத வெற்றுத் தோட்டா. அப்படிப்பட்ட சமயத்தில் விசையை அழுத்தினால் வெடிக்காது, ஆனால் குழல்முனை மட்டும் வெடுக்கென்று கீழே இறங்கும். தப்பு என் கையில்தான் என்று அப்போது தெளிவாகத் தெரிந்தது. அதன்பின் தோளில் பதியும் மரக்கட்டையின் பின்னால் ரப்பர் உறை மாட்டினேன். ஒரு அவுன்ஸுக்கும் குறைவான, 7/8 அவுன்ஸ் சிறு ஈயக்குண்டுகள் அடைத்த தோட்டாவுக்கு மாறினேன். பறக்கும் தட்டுகளைச் சுட அது தாராளம். (களிமண் தட்டு என்கிறோமே தவிர, அது சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் கலந்து வார்ப்பது.)

அடுத்தது சுத்தியல், அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கும் அடியைக் கொடுக்கும் பாகம். சுடும் முன் கட்டைவிரலால் அதைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுத்த பிறகு சுடவில்லை என்றால், குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, சுத்தியலை விரலால் பிடித்துக்கொண்டே விசையை அழுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். குளிரில் விறைத்த விரலோடு தோட்டா உள்ளே இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். வெறும் துப்பாக்கியோடு வீட்டில் நூறு முறை பழகிவிட்டுப் போங்கள். உள்ளே ஒரு சிறு தகடு இருக்கிறது. விசை அழுந்தியிருக்கும்போது மட்டும் அது மேலே வந்து சுத்தியலின் அடியை, தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசிக்குக் கடத்தும். விசையை விட்டுவிட்டால் சுத்தியல் ஊசியைத் தொடவே தொடாது. இந்த அமைப்பு புரிந்த பிறகுதான் இதை முழுதாக நம்பினேன்.

குண்டுகள் அதிகம் சிதறாமலிருக்கக் குழலின் முனையைச் சற்றுக் குறுக்கியிருப்பார்கள். என்னுடையதில் அந்தக் குறுக்கம் மாடிஃபைட் என்ற நடுத்தர அளவு. 40 கஜத்தில் பெரிய தாளைக் கட்டிச் சுட்டு, குண்டுகள் அடர்ந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் போட்டு, உள்ளே விழுந்த துளைகளை எண்ண வேண்டும். ஏழரை எண் அளவுள்ள சிறு குண்டு ஒரு அவுன்ஸில் சுமார் 350 இருக்கும். மாடிஃபைட் என்றால் அதில் அறுபது சதவீதம் வட்டத்துக்குள் விழ வேண்டும். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து எண்ணினேன். அலுப்பான வேலைதான், ஆனால் எந்தத் தூரத்துக்கு மேல் முயலைச் சுடக்கூடாது என்பதை அந்தத் தாள்தான் எனக்குச் சொன்னது. இரண்டாவது தோட்டா கிடையாது. காயப்பட்டு ஓடும் உயிரை நிறுத்த வழியில்லை. சந்தேகம் வந்தால் சுத்தியலை இறக்கிவிடுவேன்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. துப்பாக்கியை நடுவில் மடித்துத் திறந்தால் குழல் வழியே வெளிச்சம் தெரியும். துணியை நுழைத்து இழுத்து, மேலே எண்ணெய் தடவினால் போதும். மழையில் நனைந்ததை ஒருமுறை துடைக்காமல் உறையில் வைத்துவிட்டேன், மறுநாளே துரு பூத்திருந்தது.

இப்போது மனைவிக்காக ஒரு 20 காஜும் வீட்டுக்கு வந்திருக்கிறது. அதன் தோட்டா மஞ்சள் நிறம், காரணமாகத்தான். அது தவறி 12 காஜ் குழலுக்குள் போனால் தோட்டா உட்காரும் இடத்தைத் தாண்டி நழுவிச் சிக்கிக்கொள்ளும். குழல் காலி என்று நினைத்து இன்னொரு தோட்டா போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். எங்கள் வீட்டில் இரண்டு வகைக்கும் தனித்தனி அலமாரி, தனித்தனிப் பை. இரண்டு துப்பாக்கிகளையும் ஒரே நாளில் வெளியே எடுப்பதில்லை.