61 நாள், 178 எபிசோடு: ஸ்டார் ட்ரெக்கோடு ஒரு நீண்ட பழக்கம்

ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறேன். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் படகுகள் கரையேறும், இன்ஜின்கள் என் கைக்கு வரும். பகல் முழுக்கப் பிஸ்டன், ரிங், இன்ஜெக்டர் என்று ஓடிவிடும். ராத்திரி சாப்பிட்டதும் 'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்', விண்வெளிக் கப்பலில் கிரகம் கிரகமாகப் போகிற ஒரு குழுவைப் பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்.

2009-ல் ஆரம்பித்த பழக்கம் இது. துபாயில் வேலை பார்த்த மச்சான் ஒரு பெட்டி நிறைய டிவிடி கொண்டுவந்து கொடுத்தார். ஏழு சீசன், மொத்தம் 178 எபிசோடு. அப்போது தடைக்காலம் 45 நாள்தான். ராத்திரிக்கு மூன்று என்று பார்த்தாலும் ஆறாவது சீசன் ஆரம்பிக்கும்போது கடல் திறந்துவிடும். 2017-ல் அதை 61 நாளாக்கினார்கள். அன்றாடம் கடலுக்குப் போய்ப் பிழைக்கிற வீடுகளுக்கு அது பெரிய கஷ்டம், அதை மறந்து பேசக்கூடாது. எங்கள் வீட்டுத் தொடருக்கு மட்டும் கணக்கு சரியாக வந்தது.

உப்புக்காற்றில் மூன்று டிவிடி பிளேயர் போய்விட்டது. வட்டுகளை அரிசி போட்ட தூக்குச்சட்டியில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். அவற்றில் தமிழ் வசனம் கிடையாது. திரையின் கீழே வருகிற ஆங்கில எழுத்தை நிறுத்தி நிறுத்திப் படித்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொல்வேன். ஒரு எபிசோடு முக்கால் மணி நேரம் என்றால் எங்கள் வீட்டில் ஒன்றேகால் மணி ஆகும்.

அப்பா நாற்பது வருடம் படகு டிரைவராக இருந்தவர். விசைப்படகை நடத்திப் போகிறவரை இங்கே டிரைவர் என்றுதான் சொல்வோம். வலையை எங்கே விடுவது, எப்போது திரும்புவது எல்லாம் அவர் முடிவு. முதல் ராத்திரி வலை பின்னிக்கொண்டே கேட்டார்: "இதுல யாருப்பா டிரைவரு?" கேப்டன் பிக்கார்டாக நடித்த பாட்ரிக் ஸ்டூவர்ட்டைக் காட்டினேன். "அவரு சும்மா உக்காந்துல்ல இருக்காரு" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அந்த மேசைக் காட்சி வந்தது. தொடரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஏறக்குறைய எல்லா எபிசோடிலும் வரும். கப்பலுக்கு ஆபத்து. எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். இன்ஜினியர் சொல்கிறார், டாக்டர் சொல்கிறார், டேட்டா என்கிற இயந்திர மனிதர் சொல்கிறார். பாதுகாப்பு அதிகாரி வோர்ஃப் பெரும்பாலும் சுடலாம் என்பார். பிக்கார்ட் அதையும் காது கொடுத்துக் கேட்கிறார், வேண்டாம் என்றாலும் அவரைச் சிறுமைப்படுத்தாமல் சொல்கிறார். கடைசியில்தான் தன் முடிவு. அப்பாவின் ஊசி அப்படியே நின்றுவிட்டது. "எல்லார்ட்டயும் கேக்குறான்யா" என்றார்.

அப்புறம் ஒரு நாள் அதற்குக் காரணம் சொன்னார். சின்ன வயதில் அவர் வேலைக்குப் போன படகில், பின்னால் நின்ற பையன் "அண்ணே, இங்க பார் இருக்கு" என்று கத்தியிருக்கிறான். பார் என்றால் கடலடிப் பாறை. டிரைவர் காதில் வாங்கவில்லை. வலை பாரில் மாட்டி மொத்தமும் போனது. அந்தப் பையன் அப்பாதான்.

இத்தனை வருடம் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான். ஸ்டார் ட்ரெக்கை நம்பிக்கையான தொடர் என்கிறார்கள். நோய் இல்லை, பசி இல்லை, காசு தேவையில்லை என்று அது காட்டுகிற எதிர்காலத்தை வைத்துச் சொல்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை வருவது அந்த மேசையில். வேலை தெரிந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டு முடிவெடுக்கிறார்கள். அதற்குக் கதை நடக்கிற 24-ம் நூற்றாண்டு வரவேண்டியதில்லை, ஒரு விசைப்படகிலேயே நடக்கலாம்.

முதல் ஸ்டார் ட்ரெக் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது 1966 செப்டம்பர் 8-ல். புயல் தனுஷ்கோடியை அழித்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரம். அமெரிக்கா வியட்நாமில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது, ரஷ்யாவோடு பனிப்போர். அந்த நாளில் தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி ஒரே கப்பலில் ஜப்பானிய வம்சத்தவரையும், கறுப்பினப் பெண் அதிகாரியையும், இரண்டாவது சீசனிலிருந்து ஒரு ரஷ்யரையும் உட்காரவைத்தார். அந்தப் பெண் அதிகாரியாக நடித்த நிஷெல் நிக்கோல்ஸ் முதல் சீசனோடு விலக நினைத்தபோது, போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டவர் மார்ட்டின் லூதர் கிங். நிஷெலைத் திரையில் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992-ல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண். மறு வருடம் நெக்ஸ்ட் ஜெனரேஷனிலேயே ஒரு சின்ன வேடத்தில் வந்தார். அந்த எபிசோடு வரும்போதெல்லாம் நிறுத்தி, "இவங்க நெசமாவே மேல போனவங்க" என்று அம்மாவிடம் காட்டுவேன்.

அம்மாவுக்கு இதில் ஒரே ஒரு எபிசோடுதான். ஐந்தாவது சீசனில் வரும் 'தி இன்னர் லைட்'. 1992-ல் வந்து, மறு வருடம் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது வாங்கியது. கப்பலில் நிற்கிற பிக்கார்ட் மயங்கி விழுகிறார். கண் விழித்தால் வேறொரு கிரகத்தில் ஒரு சின்ன ஊர். அவருக்குக் காமின் என்று பெயர், மனைவி இருக்கிறாள். அங்கேயே பிள்ளை பெற்று, புல்லாங்குழல் பழகி, கிழவனாகிறார். கப்பலில் கழிந்தது 25 நிமிடம்தான். ஊரில் மழை இல்லை, வருடா வருடம் மண் காய்ந்துகொண்டே போகிறது. ஊர் நடுவில் ஒரு மரக்கன்று நட்டிருக்கிறார்கள். அளந்து கொடுக்கிற தண்ணீரில் வீட்டுக்கு வீடு கொஞ்சம் அதற்கு விடுகிறார்கள்.

இதைச் சொன்னதும் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். தண்ணியில்லாக் காடு என்று பெயரெடுத்த மாவட்டம் எங்களுடையது. காவிரிக் குழாய் வருவதற்கு முன்னால் அம்மா மணலில் ஊற்றுத் தோண்டி, தண்ணீர் ஊறும்வரை காத்திருந்து, சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பியவர். ஒரு குடத்துக்கு அரைமணி நேரம் ஆகுமாம். காமின் குனிந்து மண்ணை எடுத்துப் பார்க்கிற இடத்தில், "மேல் மண்ணப் பாத்தா என்ன தெரியும், கீழ தோண்டணும்" என்றார். நான் மறுபடி படத்தை ஓடவிட்டேன். கடைசியில், அந்த ஊர் அழிந்து ஆயிரம் வருடம் ஆகிவிட்டது, தங்களை ஒருவராவது நினைத்திருக்கட்டும் என்றுதான் இந்த நினைவை அனுப்பினார்கள் என்று தெரியவரும். அம்மா ஒன்றும் பேசவில்லை. தனுஷ்கோடியில் பிறந்தவர் அவர்.

'டார்மோக்' என்கிற எபிசோடு பற்றியும் சொல்லவேண்டும். பழங்கதைகளின் பெயர்களை மட்டுமே வைத்துப் பேசுகிற ஒரு இனம், மொழிபெயர்க்கிற கருவி சொல்லைச் சொல்லும், அர்த்தம் வராது. வெளியூர்க்காரரிடம் கச்சான், வாடை, கொண்டல் என்று அப்பா பேசும்போது இதேதான் நடக்கும். காற்றின் பெயர்தான் சொல்வார். அதற்குள் மீன், வலை, கிளம்புகிற நேரம் எல்லாம் அடங்கியிருக்கும்.

குறைகள் இருக்கின்றன. முதல் சீசன் பலவீனம். அதில் 'கோட் ஆஃப் ஆனர்' என்கிற எபிசோடில் கறுப்பின மக்களைக் காட்டிய விதம் வருத்தமாக இருக்கிறது, நான் அதை யாருக்கும் போடுவதில்லை. இரண்டாவது சீசன் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தால் 22 எபிசோடோடு சுருங்கி, கடைசியில் பழைய காட்சிகளை ஒட்டி முடித்தார்கள். ஆனாலும் அதே சீசனில் 'தி மெஷர் ஆஃப் எ மேன்' இருக்கிறது: டேட்டா ஒரு பொருளா, ஆளா என்று நடக்கிற விசாரணை. அதை விட்டுவிடாதீர்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் அந்த ஒன்றைப் பார்த்துவிட்டு நேரே மூன்றாவது சீசனுக்குப் போய்விடலாம்.

இன்ஜின் கோளாறுகளைக் கடைசி ஐந்து நிமிடத்தில் பெரிய பெரிய வார்த்தை சொல்லிச் சரிசெய்வதை மட்டும் ஒரு மெக்கானிக்காக என்னால் ஏற்கமுடியவில்லை. கையில் கிரீஸ்கூடப் படாது. ஆனால் கண் தெரியாத தலைமை இன்ஜினியர் ஜியார்டி "இதற்கு மேல் தாங்காது" என்றால் பிக்கார்ட் நம்புகிறார். போன வருடம் ஒரு படகில் ஹெட் கேஸ்கெட் மாற்றாமல் போகாதீர்கள் என்று சொன்னேன். தடை முடிந்த முதல் நாள் மீனை விடக்கூடாது என்று போனார்கள். பாதிக் கடலில் இன்ஜின் நின்று, இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்துவந்தது. ஆள்கள் பத்திரமாக வந்தார்கள், அது போதும்.

இந்த வருடம் அந்தப் படகின் சம்மாட்டி, அதாவது முதலாளி, ஏப்ரல் கடைசியிலேயே பட்டறைக்கு வந்துவிட்டார். டிரைவரையும் கூட்டிக்கொண்டு, மூன்று பேரும் இன்ஜினைச் சுற்றி நின்று ஒவ்வொன்றாகப் பேசினோம். ராத்திரி வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். வலையிலிருந்து தலையைத் தூக்காமலே, "சரி, அடுத்தத போடு" என்றார்.